பாத்திரம் அடைக்கும் பாத்திரம்: டிங்கர் பெல் என்ற பெயரைப் பற்றி

டிங்கர் பெல் என்ற பெயரில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. பின்னது எல்லோருக்கும் கேட்கிறது: மணி. முன்னது கேட்பதில்லை. கேட்டாலும் அந்த மணியின் கிணுகிணுப்பில் சேர்த்தே கேட்கிறது. டிங், டிங்க், டிங்கர், அப்புறம் பெல். ஒரு குட்டித் தேவதைக்குப் பொருத்தமான பேர்தானே என்று போய்விடுகிறோம். ஆனால் தமிழ் வாசகருக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி உண்டு. நம் ஊர் வண்டிப் பட்டறைகளின் பலகைகளில் 'டிங்கரிங், பெயிண்டிங், வெல்டிங்' என்று எழுதியிருக்கிறது. நசுங்கிய தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்துகிறவரை நாம் டிங்கர் என்கிறோம். ஆங்கிலத்தில் இந்தச் சொல் தேய்ந்து, எதையாவது சும்மா நோண்டிக்கொண்டிருப்பதைக் குறிக்கும் வினையாகவே பெரும்பாலும் மிஞ்சியிருக்கிறது. நம் பட்டறையில் மட்டும் அது இன்னும் ஒரு ஆள், ஒரு கூலி, ஒரு சுத்தியல். ஆகவே இந்தத் தேவதையின் பெயரை லண்டன் குழந்தையைவிட ஆட்டோ ஷெட்டில் வேலை பார்க்கும் நம் பையன் சரியாகக் காதில் வாங்கக்கூடும்.

பெயர் எங்கிருந்து வந்தது என்பதைப் பிரதி மறைக்கவும் இல்லை. ஜே.எம். பேரியின் 'பீட்டர் பான்' நாடகம் 1904 டிசம்பர் 27 அன்று லண்டன் டியூக் ஆஃப் யார்க்ஸ் அரங்கில் முதலில் நடந்தது. அதையே அவர் 1911இல் 'பீட்டரும் வெண்டியும்' என்று நாவலாக எழுதினார். இரண்டிலும் பீட்டர், வெண்டியிடம் தன் தேவதையை அறிமுகப்படுத்தும்போது கொஞ்சம் மன்னிப்புக் கேட்கும் தொனியில்தான் பேசுகிறான். பெரிய இடத்துத் தேவதை இல்லை, சாதாரணமானவள், பானைகளையும் கெட்டில்களையும் பழுது பார்க்கிறவள், அதனால் இந்தப் பேர் என்கிறான். தரம், தொழில், பெயர் மூன்றும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. இந்த வரிசையைத் தமிழில் எழுதும்போது கை கொஞ்சம் நிற்கத்தான் செய்கிறது.

தமிழில் 'பாத்திரம்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று கதையில் வருவது, இன்னொன்று அடுப்பில் ஏறுவது. டிங்கர் பெல் பாத்திரம் அடைக்கும் பாத்திரம். சிலேடைக்காக இதைச் சொல்லவில்லை. முதல் அர்த்தத்தில் அவள் எப்படி உருவாக்கப்பட்டாள் என்று கேட்டால், இரண்டாவது அர்த்தம் அவளிடமிருந்து எப்படிப் பிடுங்கப்பட்டது என்ற கேள்விக்குத்தான் போய்ச் சேருகிறோம். பீட்டர் பானைப் பற்றிய விமர்சனங்கள் பெரும்பாலும் வளர மறுக்கும் பையனையே சுற்றிவருகின்றன. ஜாக்குலின் ரோஸ் 1984இல் எழுதிய முக்கியமான நூல், குழந்தை இலக்கியம் என்பதே குழந்தையைப் பற்றிய பெரியவர்களின் ஆசையின் கட்டுமானம் என்று வாதிட்டது. அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டே, கவனத்தைப் பையனிடமிருந்து எடுத்து அவன் தோளுக்குப் பின்னால் மினுக்கும் வெளிச்சத்தின் மீது வைக்கிறேன்.

முதலில் ஒரு சொல்தகராறு. 'ஃபேரி' என்பதற்கு நாம் 'தேவதை' என்று எழுதுகிறோம். வேறு வழியில்லை, 'தேவதைக் கதை' என்று வழக்கமாகிவிட்டது. ஆனால் நம் தேவதை கும்பிடப்படுகிறவள், சிலசமயம் காவு வாங்குகிறவள். ஆங்கிலத்து ஃபேரி அப்படியில்லையே என்று தோன்றலாம். ஸ்காட்லாந்தில், அதாவது பேரியின் சொந்த மண்ணில், பழைய ஃபேரிகள் நம் தேவதைகளுக்குத்தான் கிட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் பூவிதழில் ஊஞ்சலாடும் பொடிசுகள் இல்லை. மனித உயரத்தில், மண்ணுக்குக் கீழே, தனிச் சமூகமாக வாழ்கிறவர்கள். பிள்ளையைத் தூக்கிப்போவார்கள், மாட்டை நோகச் செய்வார்கள். அபர்ஃபாயில் ஊரின் பாதிரியார் ராபர்ட் கிர்க் 1691 வாக்கில் அவர்களைப் பற்றி ஒரு நூலே எழுதிவைத்தார். அது 1815இல்தான் அச்சேறியது. கிர்க்கையே தேவதைகள் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஊரில் கதை.

இந்த ஃபேரிகளுக்குப் பேர் சொல்லக்கூடாது. 'நல்ல அண்டை வீட்டார்', 'சமாதானக்காரர்கள்' என்று சுற்றிவளைத்துத்தான் சொல்வார்கள். பெயர் என்பது அங்கே அதிகாரத்தின் இருப்பிடம். ராபர்ட் சேம்பர்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொகுத்த ஸ்காட்லாந்து வாய்மொழி வழக்குகளில் வப்பிட்டி ஸ்டூரி என்றொரு கதை உண்டு. பச்சை உடுத்த ஒருத்தி வந்து ஏழைப் பெண்ணின் நோயுற்ற பன்றியைப் பிழைக்க வைக்கிறாள். கூலியாக அவள் கைக்குழந்தையைக் கேட்கிறாள். மூன்று நாளில் என் பேரைக் கண்டுபிடித்தால் தப்பித்தாய் என்கிறாள். பள்ளத்தில் உட்கார்ந்து நூற்றுக்கொண்டே தன் பேரைத் தானே பாடுவதை அந்த அம்மா ஒளிந்திருந்து கேட்டுவிட, தேவதை ஓட்டம் பிடிக்கிறாள். பேர் தெரிந்தால் ஆட்டம் முடிந்தது.

இப்போது திரும்பவும் பீட்டரின் அறிமுகத்தைப் பாருங்கள். பேர், பேருக்கான காரணம், தரம் எல்லாம் கேட்ட மாத்திரத்தில், படுக்கையறையில், ஒரு நடுத்தர வர்க்கத்துச் சிறுமியிடம் சொல்லப்பட்டுவிடுகிறது. வேலைக்காரியை விருந்தாளிக்கு அறிமுகப்படுத்துகிற மாதிரி. தேவதை தன் பெயரின் மர்மத்தை இழக்கிற இந்த இடத்தில்தான் டிங்கர் பெல் பிறக்கிறாள்.

ஆரம்ப வரைவில் அவளுக்கு வேறு பேர் இருந்தது: டிப்பிடோ. நுனிக்கால் நடை. அந்தப் பெயரில் உடல் மட்டுமே உண்டு. தேவதை வேஷம் கட்டிப் பாலே ஆடும் பெண்களின் கால். விக்டோரியா காலத்துப் பான்டமைம் மேடைகளில் கம்பியில் தொங்கவிடப்பட்ட தேவதைப் பெண்களின் வாரிசுப் பெயர் அது. பேரி அதை எடுத்துவிட்டு டிங்கர் பெல் என்று வைத்தபோது காலின் இடத்தில் ஓசை வந்தது, நடனத்தின் இடத்தில் தொழில் வந்தது. டிங்கர் என்ற சொல்லின் பிறப்பு குறித்து அகராதிக்காரர்களிடம் ஒருமித்த முடிவில்லை. தகரத்தைக் குறிக்கும் 'டின்' என்பதிலிருந்து என்பார்கள் சிலர். தகட்டில் சுத்தியல் பட்டு எழும் ஒலியிலிருந்து என்பார்கள் வேறு சிலர். இரண்டாவது விளக்கத்தை ஏற்றால், பெயரின் இரு பாதியும் ஒலிக்குறிப்புகளே. முதல் பாதி வேலையின் ஒலி. இரண்டாம் பாதி அந்த ஒலி இசையாக்கப்பட்டது. அவள் பேச்சு மணியோசையாகத்தான் கேட்கும் என்று பிரதி சொல்கிறது. குறிப்பானிலிருந்து உழைப்பைக் கழித்தால் மிஞ்சுவது கிணுகிணு.

இலக்கியத்தில் டிங்கரும் தேவதையும் சந்திப்பது இது முதல் தடவை இல்லை. ஷேக்ஸ்பியரின் 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்தில் இருவரும் ஒரே காட்டில் இருக்கிறார்கள். ஒரு பக்கம் டைட்டானியாவும் அவள் பரிவாரமும். இன்னொரு பக்கம் நாடகம் ஒத்திகை பார்க்க வந்த ஏதென்ஸ் நகரத்துத் தொழிலாளிகள்: நெசவாளி, தச்சன், தையற்காரன், அவர்களோடு டாம் ஸ்னவுட் என்ற டிங்கர். இந்த ஸ்னவுட்டுக்குக் கிடைக்கும் வேஷம் சுவர். ஆம், சுவர். விரல்களை விரித்து இடுக்கு காட்டிக்கொண்டு நிற்கவேண்டும், காதலர்கள் அதன் வழியே பேசிக்கொள்வார்கள். அங்கே டிங்கர் கேலிக்குரியவன்தான், ஆனாலும் அவனுக்கு உடம்பு இருக்கிறது, கூட்டாளிகள் இருக்கிறார்கள், வசனம் இருக்கிறது. முந்நூறு வருஷம் கழித்து பேரியின் மேடையில் டிங்கரும் தேவதையும் ஒரே உருவில் கலந்துவிட்டார்கள். கலந்ததில் டிங்கருக்கு உடம்பும் போச்சு, வசனமும் போச்சு. ஷேக்ஸ்பியரிடமே இன்னொரு மூலமும் இருக்கிறது. 'ரோமியோ ஜூலியட்'டில் பேசப்படும் ராணி மாப், மோதிரக் கல்லளவே இருப்பவள். தேவதைகள் சுருங்கத் தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. டிங்கர் பெல்லின் அறையில் கிடப்பது ராணி மாப் பாணிக் கட்டில் என்று நாவல் வேடிக்கையாகக் குறிப்பிடுகிறது. ராணியின் கட்டிலில் பாத்திரம் அடைக்கிறவள்.

யார் இந்த டிங்கர்கள்? ஸ்காட்லாந்தில் இந்தச் சொல் ஒரு தொழிலை மட்டும் குறிக்கவில்லை, ஒரு மக்களையும் குறித்தது. கூடாரம் அடித்து ஊர் ஊராய்ப் போய்த் தகரப் பாத்திரம் செய்தும் அடைத்தும் கொடுத்தார்கள். கொம்பில் கரண்டி செதுக்கினார்கள், கூடை முடைந்தார்கள், அறுவடைக்கும் பழம் பறிக்கவும் கூலிக்குப் போனார்கள். இன்று அவர்கள் தங்களை 'டிராவலர்' என்கிறார்கள். டிங்கர் என்பது அவர்கள் காதில் வசைச்சொல். சட்டம் அவர்களை விட்டுவைக்கவில்லை. 1865ஆம் ஆண்டின் அத்துமீறல் சட்டம் அனுமதியின்றித் தனியார் நிலத்தில் தங்குவதையும் நெருப்பு மூட்டுவதையும் குற்றமாக்கியது. 1895இல் ஸ்காட்லாந்தின் வழக்கமான குற்றவாளிகள், நாடோடிகள், பிச்சைக்காரர்கள், குடிகாரர்கள் பற்றி விசாரித்த அரசுக் குழு இவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்தே பார்த்தது. 1908இன் குழந்தைகள் சட்டம் அலைந்து திரியும் பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பள்ளி வருகை விதித்தது. 1918இல் ஸ்காட்லாந்து டிங்கர்களைப் பற்றியே தனியாக ஒரு குழு அறிக்கை தந்தது. தேதிகளைக் கவனியுங்கள். பீட்டர் பான் 1904, நாவல் 1911. இங்கே டிங்கர் பெல் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அங்கே டிங்கர்களை என்ன செய்வது என்று கோப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பேரி 1860இல் ஆங்கஸ் வட்டாரத்தின் கிரிமூரில், கைத்தறி நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். அது இந்த மக்கள் காலங்காலமாக வந்துபோகும் தடத்தில் உள்ள ஊர். நாடோடிப் பெண் அவர் எழுத்தில் முன்பே வந்திருக்கிறாள். 1891இல் வந்த 'சின்னப் பாதிரியார்' நாவலின் நாயகி பாபி, ஊரார் 'எகிப்துக்காரி' என்று அழைக்கும் ஜிப்ஸிப் பெண். பிரபு ஒருவரால் எடுத்து வளர்க்கப்பட்டவள். 1897இல் இது நாடகமானபோது அவள் லேடி பாபி ஆகிவிட்டாள், பிறப்பிலேயே பிரபு வீட்டுப் பெண், ஜிப்ஸி வேஷம் சும்மா விளையாட்டு. நாவலில் இருந்த நாடோடிப் பிறப்பு மேடையேறும்போது வேஷமாக உரிந்து விழுகிறது. ஏழு வருஷம் கழித்து மீண்டும் மேடை. இந்தத் தடவை நாடோடி, பெயராக மட்டுமே ஏறுகிறாள்.

இதெல்லாம் பேரியின் மனசில் இருந்ததா, அந்த மனுஷன் குழந்தைகளுக்காக விளையாட்டாய் ஒரு பேர் வைத்தால் அதைப்போய் இப்படிக் குடைவதா என்று நண்பர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். பேரியின் மனசை விசாரிப்பது என் வேலையில்லை. விளையாட்டாய் வைத்த பேரில்தான் ஒரு சமூகம் யோசிக்காமலே அறிந்துவைத்திருப்பதெல்லாம் வந்து உட்காருகிறது. யோசித்து வைத்திருந்தால் இன்னும் கௌரவமான பேராய் வைத்திருப்பார்.

அவள் சுபாவத்துக்கு வருவோம். நாவல் முழுக்கத் தேடினாலும் டிங்கர் பெல் ஒரு பானையைக்கூட அடைப்பதாய் ஒரு காட்சி கிடையாது. வேலை அவள் பெயரில் இருக்கிறது, கதையில் இல்லை. எதிர்ப்பக்கம் வெண்டியைப் பாருங்கள். நிலத்தடி வீட்டில் அவள் சமைப்பதும், காலுறை தைப்பதும், பையன்களுக்கு மருந்து கொடுத்துத் தூங்கவைப்பதும் எவ்வளவு வாஞ்சையாகச் சொல்லப்படுகிறது! நடுத்தர வர்க்கத் தாய்மையின் வேலை கண்ணுக்குத் தெரியும் வேலை, பிரதி அதை நின்று ரசிக்கிறது. வெண்டியின் அடுப்பில் ஏறும் அந்தப் பானையின் ஓட்டையை யார் அடைத்தது? அந்தக் கேள்வி கதைக்குள் எழுவதே இல்லை. வீட்டுக்குள் இருப்பவளின் உழைப்பு அன்பாகிறது. வாசலில் வந்து போகிறவளின் உழைப்பு வெறும் பட்டப்பெயராகிறது.

வேலையை எடுத்துவிட்ட இடத்தில் பிரதி என்ன வைக்கிறது? அலங்காரம் வைக்கிறது. பறவைக்கூண்டு அளவுக்கு ஒரு மாடத்தில் திரை போட்டு அவளுக்கு ஒரு தனி அறை. கண்ணாடி, அலமாரி, கம்பளம் என்று மரச்சாமான் வியாபாரியின் விலைப்பட்டியல் போல ஒரு நீண்ட வருணனை. அங்கே சரவிளக்கும் உண்டு, ஆனால் அது பார்வைக்குத்தான், அறைக்கு வெளிச்சம் தருவது அவளேதான். இந்த ஒரு தகவலில் மட்டும் உழைப்பு கொஞ்சம் கசிகிறது. அவள் தூங்கினால்தான் அவள் விளக்கு அணையும், தானாக அணைக்க அவளால் முடியாது. பிறகு உடம்பு. இலைச் சருகின் நரம்பு ஆடை, கொஞ்சம் பூசினாற்போன்ற தேகம். ஈயம் பூசவேண்டியவளுக்குப் பூசினாற்போல உடம்பு வந்துவிட்டது.

பிறகு உணர்ச்சி. தேவதைகள் மிகச் சிறியவர்கள், ஒரு நேரத்தில் ஒரு உணர்ச்சிக்குத்தான் அவர்களுக்குள் இடமுண்டு என்று கதைசொல்லி விளக்கம் தருகிறார். அதனால் அவள் முழுக்க நல்லவளாகவோ முழுக்கக் கெட்டவளாகவோதான் இருக்க முடியும். பொறாமையில் வெண்டியை அம்பெய்யும்படி டூட்டில்ஸைத் தூண்டுகிறாள், பீட்டருக்காக ஹூக் கலந்துவைத்த விஷத்தைத் தானே குடிக்கிறாள். இந்த விளக்கம் அழகானதுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் உள்மனம், தயக்கம், இரட்டை நிலை எல்லாம் வெண்டிக்கும் அவள் அம்மாவுக்கும் மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருப்பதையும் பார்க்கவேண்டும். நாடோடிகளைப் பற்றிய நூற்றாண்டுக்கால நாவல்களில் வரும் 'கணத்தில் கொதிப்பாள், கணத்தில் உயிரைக் கொடுப்பாள்' பெண்ணின் கையளவுப் பதிப்பு இவள்.

மொழி இன்னும் சுவாரஸ்யம். அவள் பேசுவது மணியோசை, புரிவது பீட்டருக்கு. வெண்டி கேட்கிறாள், என்ன சொல்கிறாள் என்று. பீட்டர் மொழிபெயர்க்கிறான், அவனுக்கு இஷ்டப்பட்ட அளவுக்கு. பெரும்பாலும் அது வெண்டியைப் பற்றிய திட்டு. திரும்பத் திரும்ப அவள் வாயில் வரும் ஒரே ஒரு வசவை மட்டும் மற்றவர்களும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே புரிந்துகொள்கிறார்கள். இதையொட்டி ஒரு தகவல். டிங்கர்களுக்குள் தனிப்பேச்சு வழக்குகள் இருந்தன. அயர்லாந்துக்காரர்களின் ஷெல்டாவைச் சார்ல்ஸ் லேலண்ட் என்ற அமெரிக்கர் 1882இல் வெளிவந்த தன் நூலில் 'டிங்கர் பேச்சு' என்றே அறிமுகப்படுத்தினார். பிறகு அறிஞர்கள் அதைத் துருவ ஆரம்பித்தார்கள். வெளியாளுக்கு ஓசையாக மட்டும் கேட்கும் பேச்சு, அதற்கு ஒரு வெளியாள் உரை எழுதுவது என்ற இந்த அமைப்பு பீட்டர் பானில் அப்படியே இருக்கிறது. நான் நேரடிச் செல்வாக்கு என்று சொல்லவரவில்லை. மற்றமை பேசினால் அது எப்படிக் கேட்கும் என்ற கற்பனை இரண்டு இடத்திலும் ஒன்றாயிருக்கிறது என்கிறேன்.

மேடையில் அவளுக்கு ஆளே கிடையாது. திரைக்குப் பின்னால் ஒருவர் கண்ணாடியைப் பிடித்து விளக்கொளியை ஆட்டுவார், சுவரில் ஓடும் வட்டம்தான் டிங்கர் பெல். 1904இன் நிகழ்ச்சித் தாளில் அந்தப் பாத்திரத்துக்கு நேரே ஜேன் ரென் என்று ஒரு நடிகை பெயர் அச்சாகியிருந்தது. அப்படி ஒரு நடிகை கிடையாது, அது பேரியின் குறும்பு. இல்லாத நடிகைக்குப் பெயர் இருந்தது. கை கடுக்கக் கண்ணாடி பிடித்தவருக்கு இல்லை. நாடகத்தின் மிகப் புகழ்பெற்ற கணமும் இந்த வெளிச்சத்தைச் சார்ந்ததே. விஷம் குடித்த ஒளி மங்குகிறது. தேவதைகளை நம்புகிறவர்கள் கைதட்டினால் பிழைப்பாள் என்று பீட்டர் பார்வையாளர்களைக் கேட்கிறான். முதல் நாள் யாரும் தட்டாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், வாத்தியக்காரர்கள் கருவிகளை வைத்துவிட்டுத் தட்டவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள். தேவைப்படவில்லை. எழுந்த கைதட்டலில் பீட்டராக நடித்த நினா பூசிகோ அழுதே விட்டார்.

இந்தக் காட்சியைப் பார்த்து மனம் இளகாதவர் யாரும் இருக்கமுடியாது. இருந்தாலும் அதன் பொருளாதாரம் என்ன? டிக்கெட் வாங்கியவர்களின் நல்ல மனசை நம்பி ஓர் உயிர் இருக்கிறது. அவர்கள் கொடுப்பது வாழ்க்கை இல்லை, நம்பிக்கை. கொடுத்த திருப்தியோடு வீட்டுக்குப் போகலாம். நாவலில் பேரி இதற்கு ஒரு குறும்பான வால் சேர்த்திருக்கிறார். சில பிள்ளைகள் கைதட்டாமல் சீறினார்களாம். பிழைத்து எழுந்த டிங்கர் பெல்லுக்குத் தட்டியவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றவே இல்லை, சீறியவர்களைப் பிடித்து ஒரு கை பார்க்கவேண்டும் என்றுதான் இருந்ததாம். பிரதி முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த டிங்கர் பெல் இவள்தான். தர்மம் வாங்கிக்கொண்டு தலைகுனிய மறுப்பவள். பேரியின் பேனா தன் சொந்த உருக்கத்தையே நையாண்டி செய்யும் இந்த இடங்களில் அவர் நாம் நினைப்பதைவிடப் பெரிய எழுத்தாளர்.

கைதட்டிக் காப்பாற்றப்பட்டவள் நாவல் முடிவதற்குள் செத்துப்போகிறாள். அதுவும் காட்சியாக இல்லை. அடுத்த வருஷம் பீட்டர் வரும்போது வெண்டி அவளைப் பற்றிக் கேட்கிறாள். யார் அது என்கிறான் பீட்டர். விளக்கிச் சொன்னபிறகும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. அவர்களில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், இவள் போயிருப்பாள் என்கிறான். ஹூக்கின் மரணத்துக்குப் பக்கம் பக்கமாய்ச் செலவிட்ட நாவல் இவளுக்கு ஒரு அரைப் பேச்சோடு நிறுத்திக்கொள்கிறது.

பாத்திரம் அடைத்தது மட்டும் இந்த மக்களின் வேலை இல்லை. தேவதைக் கதைகளைக் காப்பாற்றி வைத்திருந்தவர்களும் இவர்களே. 1951இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட ஸ்காட்லாந்து ஆய்வுப் பள்ளிக்காக ஹேமிஷ் ஹெண்டர்சன் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போனபோது, செத்துவிட்டதாக நினைத்த பாடல்களும் கதைகளும் டிராவலர் மக்களின் வாயில் குவிந்து கிடப்பதைக் கண்டார். 1953இல் அபர்டீனில் ஜீனி ராபர்ட்சனைச் சந்தித்தார். பிளேர்கௌரியில் பழம் பறிக்க வந்து கூடாரம் அடித்திருந்தவர்களிடம், ஸ்டூவர்ட் குடும்பத்திடம், அள்ள அள்ளக் கிடைத்தது. பிளேர்கௌரியும் பேரியின் கிரிமூரும் ஒரே ஸ்ட்ராத்மோர் சமவெளியின் ஊர்கள். பின்னால் பெட்ஸி வைட் அதே பகுதியில் டிராவலர் குழந்தையாக வளர்ந்ததை 1979இல் புத்தகமாக எழுதினார். கூடாரத்தில் பிறந்த டங்கன் வில்லியம்சன் 2007இல் இறக்கும்வரை கதை சொல்லிக்கொண்டேயிருந்தார். 1865ஆம் வருஷச் சட்டம் தடைசெய்த அதே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்துதான் இந்தக் கதைகள் சொல்லப்பட்டு வந்தன. கதை சொன்னவர்கள் கதைக்குள் ஒரு பெயராகச் சுருட்டப்பட்டார்கள் என்று நான் சொல்வது இந்த அர்த்தத்தில்.

டிஸ்னியின் கதையைச் சுருக்கமாகத்தான் சொல்லவேண்டும், மற்றவர்கள் நிறையச் சொல்லியாயிற்று. 1953 படத்தில் வெளிச்சத்துக்கு உடம்பு வந்தது. கண்ணாடியில் தன் இடுப்பளவைப் பார்த்து முகம் சுளிக்கும் பெண் உடம்பு. விஷத்துக்குப் பதில் வெடிகுண்டு, கைதட்டல் காட்சி கிடையாது. ஆனால் ஐம்பது வருஷத்துக்குப் பிறகு அந்த நிறுவனமே ஒரு விசித்திரமான காரியம் செய்தது. 2005இல் வந்த தேவதைப் புத்தகத்தில் டிங்கர் பெல் பானை சட்டி அடைக்கும் தேவதையாக நிஜமாகவே வேலை செய்தாள். 2008இல் அவள் பெயரிலேயே வந்த படத்தில் அவள் குழந்தையின் சிரிப்பிலிருந்து பிறந்து வருகிறாள். சுற்றிலும் பொருள்கள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாய் எடுக்கப்போக அணைந்துபோகின்றன. கடைசியில் ஒரு சுத்தியல் தானே ஒளிர்ந்து அவளை நோக்கி வருகிறது. முடிந்தது, அவள் டிங்கர். டிங்கர்கள் மனித உலகுக்குப் போய் வசந்தத்தைக் கொண்டுவரும் கூட்டத்தில் இல்லை என்று தெரிந்ததும் வேறு தொழில் கற்க ஆசைப்படுகிறாள். முயன்று, தோற்று, தன் தொழிலே தனக்கு என்று மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறாள். நூறு வருஷம் கழித்து வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறப்போடு ஒட்டவைத்துக் கொடுத்தார்கள். நம் வீட்டுக் குழந்தைகளும் இந்தப் படத்தைப் பார்க்கின்றன. நமக்கு இதற்கு விளக்கவுரை எதற்கு?

2025 ஜூனில் ஸ்காட்லாந்தின் முதல்வர் ஜான் ஸ்வின்னி நாடாளுமன்றத்தில் ஜிப்ஸி, டிராவலர் மக்களிடம் அரசு சார்பில் மன்னிப்புக் கேட்டார். 1940களிலிருந்து 1980கள் வரை அவர்களை ஓரிடத்தில் நிலைநிறுத்துவதாகச் சொல்லி மோசமான குடிசைகளில் கட்டாயமாய்க் குடியேற்றியதற்கும், குடும்பங்களைப் பிரித்ததற்கும். அந்தத் திட்டம் 'டிங்கர் சோதனை' என்ற பெயரில்தான் அறியப்படுகிறது. ஒரே சொல்தான், ஒன்றில் சிறகு, ஒன்றில் தகரக் கொட்டகை.

தமிழில் பீட்டர் பானை மொழிபெயர்க்கப்போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ளவேண்டும். மணித் தேவதை, கிண்கிணி என்றெல்லாம் அழகுபடுத்தாமல் டிங்கர் பெல் என்றே விட்டுவிடுங்கள், நம் பட்டறைக்காரர்கள் சொல்கிற அதே உச்சரிப்பில். பானைகளையும் கெட்டில்களையும் பற்றிப் பீட்டர் சொல்லும் வரி, கதையைச் சுருக்கும்போது முதலில் வெட்டத் தோன்றுகிற வரி. அதை வெட்டாதீர்கள்.